மேஸ்திரியின் நோட்டு

சனிக்கிழமை சாயங்காலம். பெங்களூரில் கே.ஆர்.புரம் பக்கம் ஒரு புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அன்றைய வேலை முடிந்துவிட்டது. எல்லாரும் கை கால் கழுவிவிட்டார்கள். மூன்று கொத்தனார்களும் ஐந்து சித்தாட்களும் ஜல்லிக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று பட்டுவாடா நாள். வாரக் கூலி வர வேண்டும்.

மணி ஏழு ஆயிற்று. மேஸ்திரி வரவில்லை. எட்டு ஆயிற்று. அப்போதும் வரவில்லை.

ஒன்பது மணிக்கு மேஸ்திரி வந்தார். கூலியை எண்ணிக் கொடுத்தார். ஒரு பைசா குறையவில்லை. ஆனால் அவர் முகத்தில் களை இல்லை. வீட்டுக்குப் போனதும் அவர் மனைவியின் காதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரிந்தது. காதில் தோடு இல்லை. அது அடகுக் கடைக்குப் போய்விட்டது.

இது நடந்தது 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். மேஸ்திரிக்குச் சொந்த ஊர் தருமபுரி பக்கம். பெங்களூருக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. சித்தாளாக வந்தவர் கொத்தனார் ஆனார். பிறகு மேஸ்திரி ஆனார். இப்போது சாமான், கூலி இரண்டையும் சேர்த்து வீடுகளைக் காண்ட்ராக்ட் எடுக்கிறார். வேலையில் கெட்டிக்காரர். அவர் கட்டிய சுவரில் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தால் நூல் பிசகாது. அப்படிப்பட்டவர் கூலி கொடுக்க ஏன் தோட்டை அடகு வைத்தார்?

2025ஆம் ஆண்டு டிசம்பரில் மேஸ்திரியும் அவர் மனைவியும் இதைப் பற்றி உட்கார்ந்து பேசினார்கள். மனைவி எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். ஒரு நோட்டு வாங்கி வைத்திருந்தார்.

“ஏங்க, வர்ற வருஷமும் இப்படியே ஓட்டினா, அடகு வைக்க இனி என்ன இருக்கு? ஒவ்வொண்ணா சொல்லுங்க. நான் எழுதறேன்” என்றார்.

அந்த நோட்டில் எழுதியவற்றை நாமும் பார்ப்போம். கட்டட வேலை செய்யும் எல்லாருக்கும் அது பயன்படும்.

1. பணம் எங்கே போனது?

மேஸ்திரி ஒரே சமயத்தில் இரண்டு வீடுகள் கட்டினார். முதல் வீட்டில் சாமான் பாக்கி நின்றது. இரண்டாவது வீட்டு ஓனர் அட்வான்ஸ் கொடுத்தார். அந்தப் பணத்தை எடுத்து முதல் வீட்டுப் பாக்கியை அடைத்தார். பிறகு இரண்டாவது வீட்டுக்குக் கம்பி வாங்கப் பணம் இல்லை. மூன்றாவது வீட்டு அட்வான்ஸ் வருமா என்று காத்திருந்தார். வரவில்லை.

பல மேஸ்திரிகள் இப்படித்தான் சிக்கிக்கொள்கிறார்கள். கையில் பணம் புரளும்போது லாபம் போலத் தெரியும். அது லாபம் அல்ல, அடுத்தவர் வீட்டுச் செங்கல்.

நோட்டில் மனைவி முதல் வரியாக எழுதினார்: “ஒரு வீட்டுப் பணம் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது.” ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே பக்கம் ஒதுக்கினார். இடப் பக்கம் வரவு, வலப் பக்கம் செலவு. அன்றன்றைக்கு எழுத வேண்டும். பில்லை நோட்டிலேயே ஒட்ட வேண்டும்.

அடுத்து, கூலிக்கென்று தனிப் பணம். கணக்கைப் பாருங்கள். கொத்தனாருக்கு ஒரு நாளைக்கு 1,000 ரூபாய், சித்தாளுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று கொத்தனார்கள்: 3,000 ரூபாய்.
ஐந்து சித்தாட்கள்: 3,500 ரூபாய்.
ஒரு நாள் கூலி: 6,500 ரூபாய்.
ஆறு நாள் கூலி: 39,000 ரூபாய்.
இரண்டு வாரக் கூலி: 78,000 ரூபாய்.

இந்த 78,000 ரூபாய் எப்போதும் வங்கியில் இருந்தால் ஓனர் இரண்டு வாரம் தாமதித்தாலும் எட்டுக் குடும்பங்களில் அடுப்பு எரியும். இதை எப்படிச் சேர்ப்பது? 32 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு எடுத்தால், வரும் தவணையில் 100 ரூபாய்க்கு 3 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். வீடு முடியும்போது 96,000 ரூபாய் சேர்ந்திருக்கும்.

2. விலை ஏறும், இறங்கும்

மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசுகிறார். வேலை முடிய எட்டு மாதமோ பத்து மாதமோ ஆகிறது. பேசிய விலை அப்படியே நிற்கும். கடை விலை நிற்காது.

2021ஆம் ஆண்டு இரும்புக் கம்பி விலை கடுமையாக ஏறியது. முன்பே விலை பேசி வேலை எடுத்தவர்கள் நாடு முழுதும் நஷ்டப்பட்டார்கள். 2022 மே மாதம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு வரி போட்டது. அதன் பிறகு விலை இறங்கியது. சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. வரி 100 ரூபாய்க்கு 28 ரூபாயாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ரூபாய் ஆயிற்று. வரிக்கு முன் விலை 300 ரூபாய் உள்ள மூட்டை முன்பு 384 ரூபாய். வரி குறைந்தபின் 354 ரூபாய். மூட்டைக்கு 30 ரூபாய் மிச்சம். ஆனால் வரிக்கு முன் உள்ள விலையைக் கம்பெனி ஏற்றினால் அந்த மிச்சம் கரைந்துவிடும். ஆகவே பில்லில் வரியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

விலை ஏறினால் எவ்வளவு அடி விழும்? 1,600 சதுர அடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொதுவாகச் சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்டும் 4 கிலோ கம்பியும் பிடிக்கும் என்பது மேஸ்திரிகளின் கணக்கு. அப்படியானால் 640 மூட்டை சிமெண்ட், 6,400 கிலோ கம்பி.

மூட்டைக்கு 40 ரூபாய் ஏறினால்: 25,600 ரூபாய்.
கிலோவுக்கு 8 ரூபாய் ஏறினால்: 51,200 ரூபாய்.
மொத்தம்: 76,800 ரூபாய்.

ஏறத்தாழ இரண்டு வாரக் கூலி இது. ஒரு சித்தாளும் குறைவாக வேலை செய்யவில்லை. ஒரு மூட்டையும் திருடு போகவில்லை. இருந்தும் பணம் போய்விட்டது.

இதற்கு வழி, விலையை எழுத்தில் வைப்பதுதான். ஒப்பந்தம் போடும் நாளில் சிமெண்ட் விலை என்ன, கம்பி விலை என்ன என்று அதில் எழுத வேண்டும். 100 ரூபாய்க்கு 5 ரூபாய் வரை ஏறினால் மேஸ்திரி தாங்கிக்கொள்வார். அதற்கு மேல் ஏறினால் ஓனர் தர வேண்டும். அதே அளவு இறங்கினால் ஓனருக்குக் குறைக்க வேண்டும். இது இரண்டு பேருக்கும் நியாயம்.

விலை ஏறும் என்று பயந்து சிமெண்டை வாங்கிக் குவிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் வைத்தால் அதன் வலு குறையும். காற்றில் உள்ள ஈரமே போதும். மூட்டைகளைப் பலகை மேல் அடுக்க வேண்டும். சுவரை ஒட்டக் கூடாது. பத்து மூட்டைக்கு மேல் உயரம் வேண்டாம். முதலில் வந்த மூட்டையை முதலில் எடுக்க வேண்டும்.

3. தண்ணீர்

2024 மார்ச் மாதம் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. குடிநீரைக் கட்டட வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்திகரித்த நீரைப் பயன்படுத்தச் சொன்னது. டேங்கருக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டி வந்தது.

மேஸ்திரியின் வேலை நின்றது இங்கேதான். புதிதாகப் போட்ட தளத்துக்கு ஊற்ற நீர் இல்லை. தளத்துக்கு நீர் ஊற்றாவிட்டால் கான்கிரீட் வெடிக்கும். வலுவும் ஏறாது. சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள் ஈரமாக இருக்க வேண்டும். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள். வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் கூட்ட வேண்டும்.

வரும் ஆண்டுக்கு மேஸ்திரி மூன்று முடிவு செய்தார். ஒன்று: எந்த வீட்டிலும் தரைத் தொட்டியை முதலில் கட்டுவது. டேங்கர் வந்தால் கொட்டி வைக்க இடம் வேண்டும். இரண்டு: தூண்களுக்கு நனைந்த சாக்குச் சுற்றுவது, தளத்தில் சின்னப் பாத்தி கட்டி நீர் தேக்குவது. குழாயைத் திறந்துவிட்டால் பாதி நீர் தெருவுக்கு ஓடிவிடும். மூன்று: சுத்திகரித்த நீர் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று ஜனவரியிலேயே கேட்டு வைப்பது. கான்கிரீட் கலக்க அந்த நீர் சரிதானா என்று பொறியாளரிடம் கேட்க வேண்டும். கண்ட நீரையும் கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும்.

4. நாள்காட்டி

மனைவி சுவரில் ஒரு நாள்காட்டியை மாட்டினார். மேஸ்திரி சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார்.

பெங்களூரில் மே முதல் அக்டோபர் வரை மழை. செப்டம்பரிலும் அக்டோபரிலும் அதிகம். அப்போது அஸ்திவாரம் தோண்டினால் குழி நிரம்பும். மண் சரியும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மண் வேலைக்கு நல்ல காலம். ஆனால் மார்ச், ஏப்ரலில் தண்ணீர் கஷ்டம். மழை இல்லாத மாதம் தண்ணீர் இல்லாத மாதமாகவும் இருக்கிறது. ஆகவே அஸ்திவாரத்தை ஜனவரி, பிப்ரவரியில் முடிக்க வேண்டும். மழைக் காலத்துக்கு உள்பூச்சு, டைல்ஸ், மின்சாரக் குழாய் வேலைகளை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்கள் ஊருக்குப் போகும் நாட்களையும் குறித்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்கள் பொங்கலுக்குப் போவார்கள். ராய்ச்சூர், யாதகிரி ஆட்கள் உகாதிக்குப் போவார்கள். பீகார் ஆட்கள் ஹோலிக்கும் சட் பூஜைக்கும் போவார்கள். தேர்தல் வந்தாலும் போவார்கள். போவது அவர்கள் உரிமை. அந்த வாரத்தில் தளம் போட நாள் குறித்தால் தவறு மேஸ்திரியுடையது.

5. ஆட்கள்

“நல்ல கொத்தனார் இப்ப கிடைக்கறதில்ல” என்றார் மேஸ்திரி.

“கிடைக்காம இல்ல. உங்ககிட்ட நிக்கணும்னா அவங்களுக்கு என்ன இருக்கு? அதைச் சொல்லுங்க” என்றார் மனைவி.

மேஸ்திரி யோசித்தார். சரியான நாளில் கூலி கொடுத்தால் ஆட்கள் நிற்பார்கள். சட்டமும் அதையே சொல்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. தினக்கூலி என்றால் அன்று வேலை முடிந்ததும் கொடுக்க வேண்டும். வாரக்கூலி என்றால் வார விடுமுறைக்கு முன் கொடுக்க வேண்டும். ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தர வேண்டும். இது 1976ஆம் ஆண்டிலேயே சட்டமாக வந்தது. மேஸ்திரி பெண் சித்தாட்களுக்கு 100 ரூபாய் குறைத்துக் கொடுத்துவந்தார். நோட்டில் அந்த வரியை மனைவி கோடிட்டு எழுதினார்.

கட்டடத் தொழிலாளர்களுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் நல வாரியம் உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. கட்டடம் கட்டுபவர்கள் செலுத்தும் தீர்வைப் பணத்தில் அது நடக்கிறது. 18 வயதுக்கு மேல், 60 வயதுக்குள் இருக்க வேண்டும். முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் பதிவு செய்யலாம். பிள்ளைகள் படிப்பு, பிரசவம், விபத்து, முதுமை ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும்.

90 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். அதைத் தர வருகைப் பதிவு வேண்டும். மேஸ்திரி அதுவரை ஆட்களின் வருகையை மனத்தில்தான் வைத்திருந்தார். மனத்தில் இருப்பதை எந்த அதிகாரியும் படிக்க முடியாது. இனி நோட்டில் தினமும் பெயர் எழுதி, அவரவர் கையெழுத்து வாங்குவது என்று முடிவாயிற்று.

6. காகிதம்

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கட்டடம் அனுமதித்த வரைபடப்படி முடிந்தது என்ற சான்று இருந்தால்தான் மின்சாரம், குடிநீர் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்றது. 2025இல் பெங்களூரில் பல வீடுகள் கட்டி முடிந்தும் மின் இணைப்பு இல்லாமல் நின்றன.

இது ஓனர் கவலைதானே என்று மேஸ்திரி நினைத்தார். அப்படி இல்லை. கரண்ட் வராவிட்டால் ஓனர் குடி போக மாட்டார். குடி போகாவிட்டால் கடைசித் தவணை தர மாட்டார்.

ஆகவே வேலை எடுக்குமுன் அனுமதித்த வரைபடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதில் எத்தனை மாடி? சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும்? படிக்கத் தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்தவரை அழைத்துப்போக வேண்டும். சிறிய வீடுகளுக்கு விதியில் சலுகை உண்டா என்று பொறியாளரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

ஓனருடன் போடும் ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: மொத்தச் சதுர அடி, விலை, சிமெண்ட், கம்பி ரகம், தவணை, கூடுதல் வேலைக்குத் தனி விலை, வேலை முடிக்கும் நாள். தவணையை வேலைக்கு முன்னால் வாங்க வேண்டும். அஸ்திவாரத்துக்கு முன் ஒன்று, தளத்துக்கு முன் ஒன்று, பூச்சுக்கு முன் ஒன்று என்று பிரித்து எழுதலாம். வாய்ப்பேச்சு வேலை முடியும் நாளில் மறந்துபோகும்.

7. உயிர்

2024 அக்டோபர் 22 அன்று பெங்களூர் பாபுசாபாளையாவில் மழைக்கு நடுவே கட்டிக்கொண்டிருந்த ஒரு பல மாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது. உள்ளே இருந்த தொழிலாளர்கள் மாண்டார்கள். மேஸ்திரி வேலை செய்த இடத்திலிருந்து அது அதிகத் தூரம் இல்லை. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர் போனால்?

அவசரப்பட்டு முட்டைப் பிரிக்கக் கூடாது. நாலரை மீட்டர், அதாவது ஏறத்தாழ 15 அடி வரை உள்ள தளத்துக்கு முட்டுக் குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேல் என்றால் 14 நாள். உத்திரத்துக்கு 14 முதல் 21 நாள். பி.பி.சி. சிமெண்ட் என்றால் பொறியாளர் சொல்லும் நாள் வரை பொறுக்க வேண்டும். சாரத்தை மழைக்குப் பின் ஒவ்வொரு முறையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் மேலே ஏறக் கூடாது.

பிரதமர் பாதுகாப்பு பீமா திட்டம் என்று ஒன்று உண்டு. வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். எட்டுப் பேருக்கு 160 ரூபாய். ஒரு நாள் டீச் செலவுதான். அதை மேஸ்திரியே கட்டுவது என்று எழுதினார்கள்.

நோட்டுக்கு வந்த சோதனை

ஜனவரி முதல் வாரம் ஓர் ஓனர் வந்தார். “மூணு மாடிக்குத்தான் அனுமதி. நாலாவது மாடி சேர்த்துக் கட்டிடுங்க மேஸ்திரி. இப்பவே கையில அஞ்சு லட்சம் தர்றேன்” என்றார்.

ஐந்து லட்சம்! தோட்டை மீட்கலாம். பாக்கியை அடைக்கலாம். மேஸ்திரி மனைவியைப் பார்த்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. நோட்டைத் திறந்து ஆறாம் பக்கத்தையும் ஏழாம் பக்கத்தையும் காட்டினார்.

“மன்னிச்சுக்குங்க சார். அனுமதி உள்ளதைக் கட்டித் தர்றேன். அதுக்கு மேல ஒரு கல்லும் வைக்க மாட்டேன்” என்றார் மேஸ்திரி. ஓனர் எழுந்து போய்விட்டார்.

பத்து நாள் வேலை இல்லை. வீட்டில் கொஞ்சம் சங்கடம்தான். பிறகு வேறொருவர் வந்தார். சின்ன வீடு. 30-க்கு 40 சைட். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தார். விலை பற்றிய வரியில் கொஞ்சம் வாதம் செய்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரியும் போட்டார். சாட்சியாக மனைவி தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டுவாடா முடிந்தது. வருகை நோட்டு கை மாறிக்கொண்டே போனது. ஒரு பெண் சித்தாள் தன் பெயருக்கு எதிரே இருந்த கூலியை விரல் வைத்துப் படித்தார். திரும்பவும் படித்தார்.

“அண்ணே, நூறு ரூபாய் கூட இருக்கே?”

“கூட இல்லம்மா. அது உன் கூலிதான்” என்றார் மேஸ்திரி.

தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது. மாதம் எவ்வளவு கட்டினால் எந்த மாதம் மீட்கலாம் என்று மனைவி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் எந்த மாதங்களில் மழை அதிகம்? அப்போது எந்தக் கட்டட வேலை செய்யலாம்?
2. ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 ரூபாய் ஏறினால் 640 மூட்டைக்கு எவ்வளவு ஏறும்?
3. உங்கள் வீட்டில் யாராவது கட்டட வேலை செய்கிறார்களா? நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா?
4. மேஸ்திரி ஐந்து லட்சத்தை வேண்டாம் என்றது சரியா? வகுப்பில் பேசுங்கள்.